ரோமானிய மொசைக் தரையைப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது அலெக்சாந்தர் மொசைக்கைத்தான். அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். பத்து லட்சத்தையும் தாண்டிய கற்சில்லுகள். தேரில் நின்று பதறும் பாரசீக மன்னன் டாரியஸ், குதிரைமேல் பாய்ந்து வரும் அலெக்சாந்தர், பின்னால் வானத்தைக் குத்தி நிற்கும் நீண்ட ஈட்டிகள். இதைப் பல பத்தாண்டுகள் சுவரில் நிறுத்தியே காட்டினார்கள். அதனால் வந்தவர்கள் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் எதிரே நின்று பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அடுத்த அறைக்குப் போனார்கள்.

உண்மையில் அது ஒரு தரை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ரோமானிய நகரமான பாம்பேயில் ஒரு தெருத்தொகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் 'ஃபான் வீடு' என்ற மாளிகையில், இரண்டு தூண்முற்றங்களுக்கு நடுவே இருந்த ஒரு திறந்த அறையின் தரை. கி.மு. 100 வாக்கில் பதித்தது. 1831இல் தோண்டும்போது கிடைத்தது, 1843இல் நேப்பிள்ஸுக்கு வண்டி ஏறியது. அந்த அறைக்குள் நுழையும் இடத்தில், தூண்களுக்கு இடையில், நைல் நதியின் முதலையும் நீர்யானையும் வாத்துகளும் கொண்ட பட்டைகள் இருந்தன. விருந்தாளி முற்றத்தின் நிழலிலிருந்து வந்து, எகிப்தின் ஆற்றங்கரையைத் தாண்டி, அப்புறம்தான் போர்க்களத்தின் விளிம்பில் நிற்பார். சுவரில் மாட்டியவுடன் இந்த வரிசை முழுக்கப் போய்விடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டியின் அடிப்படை இதுதான்: எந்த ரோமானிய மொசைக்கைப் பார்த்தாலும், மனத்துக்குள் அதைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் போட்டுவிட்டுப் பார்க்கத் தொடங்குங்கள். யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எங்கே சாய்ந்து படுத்தார்கள், எதை மிதித்தார்கள், எதைச் சுற்றிப் போனார்கள் என்று தெரிந்தால் பாதிப் படம் தானாகப் புரியும். நேரில் போனாலும் சரி, அருங்காட்சியக இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்தாலும் சரி, இதே படிகள்தான்.

படி 1: வீட்டு முகவரியைக் கண்டுபிடியுங்கள்

விளக்க அட்டையில் பெரும்பாலானோர் படிப்பது படத்தின் பெயரை மட்டும். நீங்கள் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பாம்பேயிலிருந்து வந்ததென்றால் மூன்று எண்கள் இருக்கும். ஃபான் வீட்டுக்கு 6, 12, 2. அதாவது ஆறாவது வட்டாரம், அதில் பன்னிரண்டாவது தெருத்தொகுதி, அதில் இரண்டாவது வாசல். (வட்டார எண்ணை ரோமன் எண்ணில் போட்டிருப்பார்கள்.) 19ஆம் நூற்றாண்டில் அகழாய்வை நடத்திய ஜுசெப்பே ஃபியோரெல்லி ஏற்படுத்திய முறை இது. இந்த எண்ணை வைத்துத் தேடினால் வீட்டின் வரைபடம் கிடைக்கும். அடுத்து, மொசைக் எந்த அறையில் இருந்தது என்று பாருங்கள்.

அறைப் பெயர்கள் நிறையத் தெரிய வேண்டியதில்லை. வாசல் நடை. அதைத் தாண்டினால் ஆட்ரியம்: நடுவில் மழைநீர்த் தொட்டி, மேலே திறந்த கூரை. வீட்டுக்காரர் தன் ஆதரவில் இருப்பவர்களைக் காலையில் சந்திப்பது அங்கேதான். டிரைக்லினியம் என்பது படுத்தபடி விருந்து சாப்பிடும் அறை. கியூபிகுலம் படுக்கையறை. பெரிஸ்டைல் தூண்கள் சூழ்ந்த தோட்ட முற்றம். இந்த ஐந்து போதும்.

வாசல் மொசைக்குகள் தெருவில் போகிறவனையும் உள்ளே வருகிறவனையும் பார்த்துப் பேசுபவை. பாம்பேயில் 'சோகக் கவிஞர் வீடு' என்று அழைக்கப்படும் வீட்டின் நடையில் சங்கிலி கட்டிய கறுப்பு நாய் பல்லைக் காட்டி நிற்கும், கீழே 'நாய் ஜாக்கிரதை' என்று லத்தீனில் எழுத்து. ஃபான் வீட்டு வாசலுக்கு வெளியே நடைபாதையிலேயே 'வணக்கம்' என்று பதித்திருக்கிறார்கள். சிரிகுஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் வீட்டில் வரவேற்பு மனிதருக்கே இல்லை: 'லாபமே வருக' என்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். வாசலில் லாபத்துக்கு நல்வரவு சொல்வதில் அந்த ஊரில் யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

படி 2: மேஜை நாற்காலியைத் திரும்பப் போடுங்கள்

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். மொசைக்கில் அலங்காரம் இல்லாத இடம்தான் இங்கே துப்பு.

டிரைக்லினியத்தில் மூன்று நீண்ட கட்டில்கள், கட்டிலுக்கு மூவர், மொத்தம் ஒன்பது பேர் என்பது பழைய கணக்கு. கட்டில்கள் மூன்று சுவர்களை ஒட்டி 'ப' வடிவில் கிடக்கும். கட்டிலுக்கு அடியில் விலை உயர்ந்த வேலை எதற்கு? அங்கே வெறும் வெள்ளை, இல்லையென்றால் எளிய கட்டம். நடுவிலும் வாசல் பக்கமும் மிச்சமிருக்கும் இடத்தில்தான் படங்கள். அதனால் ஒரு பெரிய தரையின் மூன்று ஓரங்களிலும் அகலமான எளிய பட்டை ஓடி, ஒரு பக்கம் மட்டும் படம் விளிம்புவரை வந்தால், அது சாப்பாட்டு அறை என்றும் அந்தப் பக்கம்தான் வாசல் என்றும் தயங்காமல் சொல்லலாம். படுக்கையறையிலும் இதே கதை: ஒரு முனையில் கட்டில் அளவுக்கு எளிமையான கட்டம், அதற்கு முன்னால் கொஞ்சம் அலங்காரம்.

அடுத்து, படத்திலுள்ள ஆட்கள் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்றைய துருக்கியில் இருந்த பழைய நகரமான அந்தியோக்கியாவில் ஆட்ரியம் வீடு என்று பெயரிடப்பட்ட வீட்டின் விருந்து அறையில், உள்ளே வருகிறவர்களுக்காக வாசல் பக்கம் மாவீரன் ஹெராக்ளிஸும் மதுக் கடவுள் டயனைசஸும் யார் அதிகம் குடிப்பது என்று போட்டி போடும் காட்சி. அறையின் உட்பக்கத்தில் டிராய் இளவரசன் பாரிஸ் மூன்று தேவிகளுக்கிடையே அழகியைத் தேர்ந்தெடுக்கும் காட்சி. 1930களில் தோண்டியவர்கள் அதைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டதில், குடிப்போட்டி அமெரிக்காவின் வூஸ்டர் அருங்காட்சியகத்துக்கும் பாரிஸின் தீர்ப்பு பிரான்சின் லூவருக்கும் போய்ச் சேர்ந்தன. ஒரே அறையின் தரைக்கு நடுவில் இப்போது அட்லாண்டிக் பெருங்கடல். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, நடுவில் ஒரு மேஜையையும் சுற்றி மூன்று கட்டில்களையும் கற்பனையில் போட்டுப் பாருங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது கிடைக்காத ஒரு குறும்பு தெரியும்: விருந்துக்கு வருகிறவனை வாசலிலேயே ஒரு கடவுள் குடித்து வீழ்த்துவதைக் காட்டி எச்சரிக்கிறார்கள்.

படி 3: சில்லின் அளவை நகத்தால் அளந்து பாருங்கள்

தொடக்கூடாது. கண்ணால் ஒப்பிட்டால் போதும். சுண்டுவிரல் நகம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

நகம் அளவு, அதைவிடப் பெரிது என்றால் அது ஓபுஸ் டெசெல்லாட்டும், சாதாரணச் சதுரச் சில்லு வேலை. ரோமானியப் பேரரசு முழுவதும் பரவிக் கிடப்பது இதுதான். நகத்துக்குள் நாலைந்து சில்லு அடங்கும்படி, நாலு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அது ஓபுஸ் வெர்மிகுலாட்டும். அலெக்சாந்தர் மொசைக் இந்த ரகம். சில்லே இல்லாமல் பெரிய பளிங்குத் தகடுகளை வடிவம் வடிவமாக அறுத்துப் பொருத்தியிருந்தால் ஓபுஸ் செக்டிலே. சிவப்பான சாந்துத் தரையில் அங்கங்கே வெள்ளைச் சில்லு வரிசையாக மின்னினால் ஓபுஸ் சிக்னினும். சுண்ணாம்பும் நொறுக்கிய ஓடும் கலந்து இடித்த தரை அது. நம்மூர்க் கொத்தனார் பார்த்தால் சுர்க்கி என்று உடனே சொல்லிவிடுவார். நம் பழைய வீடுகளில் மொசைக் தரை என்று சொல்லும் சிப்ஸ் போட்டுத் தேய்த்த தரைக்கும் இதுதான் நெருங்கிய உறவு. படம் போட்ட மொசைக்குக்கு அது தூரத்துச் சொந்தம்.

ஒரே தரையில் நடுவில் பொடிச் சில்லும் சுற்றிலும் பெரிய சில்லும் இருந்தால் கவனியுங்கள். நடுத்துண்டுக்கு எம்ப்ளேமா என்று பெயர். இதைத் தரையிலேயே செய்யவில்லை. பட்டறையில், கல்லிலோ சுட்ட மண்ணிலோ செய்த தட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்து, பிறகு தூக்கி வந்து தரையில் குழி விட்டுப் பதித்தார்கள். ஆகவே தட்டு வேலை செய்தவனும் ஓர வேலை செய்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. இன்னொன்று: எம்ப்ளேமாவை விற்கலாம், வாங்கலாம், பழைய வீட்டிலிருந்து எடுத்துப் புதிய வீட்டில் பதிக்கலாம். பாம்பேயில் 'சிசெரோவின் வில்லா' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட வீட்டில் கிடைத்த இரண்டு சின்னப் படங்கள் இந்த ரகத்தின் உச்சம். ஒன்றில் தெருப்பாடகர்கள், இன்னொன்றில் சூனியக்காரியிடம் யோசனை கேட்கும் பெண்கள். இரண்டிலும் 'சாமோஸ் ஊர் டியோஸ்குரிதெஸ் செய்தது' என்று கிரேக்கத்தில் கையெழுத்து. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தவிர இவை கல் என்று நம்ப முடியாது. இந்த நாடகக் காட்சிகளில் நடிகர்களின் முகமூடியில் விழும் நிழலுக்கே தனித்தனிச் சாயல்கள்.

போர்முனைக்குப் போகும்போது ஜூலியஸ் சீசர் சில்லுத் தரைகளையும் பளிங்குத் தரைகளையும் கூடவே சுமந்து போனார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். கூடாரத்துக்குத் தரை! வம்புச் செய்தியாகவே இருக்கலாம். ஆனால் தூக்கிச் செல்லும் தரை என்ற ஒன்று இருந்ததால்தான் அந்த வம்பு எடுபட்டது.

படி 4: சில்லு வரிசைகள் ஓடும் திசையைப் பின்தொடருங்கள்

படத்தை மறந்துவிட்டுக் கல்வரிசையை மட்டும் பாருங்கள். ஒரு மீனோ முகமோ இருந்தால் அதன் விளிம்பை ஒட்டி ஒன்றோ இரண்டோ வரிசை வெள்ளைச் சில்லு வளைந்து ஓடும். அதன் பிறகுதான் பின்னணி நேர்க்கோட்டில் போகும். இந்த ஒட்டு வரிசைதான் உருவத்தைத் தரையிலிருந்து பிரித்துத் தூக்கிக் காட்டுகிறது. அது இல்லாவிட்டால் உருவத்தின் விளிம்பு பல்லுப் பல்லாகத் தெரியும்.

இது சொல்லிப் புரியாது, செய்து பாருங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். கறுப்புத் தாளிலும் வெள்ளைத் தாளிலும் ஒரு சென்டிமீட்டர் சதுரங்கள் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் நோட்டின் கட்டப்படியே வட்டத்துக்குள் கறுப்பு, வெளியே வெள்ளை என்று ஒட்டுங்கள். வட்டம் படிக்கட்டு மாதிரி வரும். அடுத்த பக்கத்தில் அதே வட்டம், ஆனால் இந்தத் தடவை கறுப்பை வட்டக்கோட்டை ஒட்டியே சுற்றி வையுங்கள், வெளியே வெள்ளையையும் அதே வளைவில் ஒரு சுற்று. இப்போது ஒரு சிக்கல் வரும்: உள்வளைவில் சதுரங்கள் ஒன்றையொன்று இடிக்கும், வெளிவளைவில் இடைவெளி விழும். சதுரத்தை ஆப்பு வடிவில் லேசாகச் சீவினால்தான் உட்காரும். ரோமானியக் கைவினைஞனின் நாள் முழுவதும் இந்தச் சீவலில்தான் போயிற்று.

அவனிடம் இருந்த கருவி இரண்டே: மரக்கட்டையில் கூர் மேலே நிற்கும்படி செருகிய உளி ஒன்று, இருமுனைச் சுத்தியல் ஒன்று. கல்லை முதலில் நீளக் குச்சியாக உடைத்து, குச்சியை உளிமேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, ஒரு சில்லு. ரோமின் துறைமுக ஊரான ஓஸ்தியாவில் கிடைத்த ஒரு புடைப்புச் சிற்பத்தில் ஆட்கள் தரையில் குந்தி இந்த வேலையைச் செய்வதைக் காணலாம். இத்தாலியில் இன்றும் மொசைக் பட்டறைகளில் இதே ஜோடிதான்.

வரிசைகளைப் பின்தொடரும்போது திடீரென ஓர் இடத்தில் ஓட்டம் மாறும்: கோணலாக ஒரு சேர்க்கை, சில்லு கொஞ்சம் பெரிது, வளைவு கொஞ்சம் முரடு. அந்த இடத்தில் கை மாறியிருக்கிறது. தலைமை ஆசாரி முகங்களைச் செய்ய, கற்றுக்கொள்ளும் பையன்கள் பின்னணியை நிரப்பிக்கொண்டு போனார்கள் என்பது இப்படித்தான் தெரிய வருகிறது.

படி 5: நிறம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

வெள்ளை, கறுப்பு, மஞ்சள், சிவப்பு, பழுப்பு எல்லாம் கல்லிலேயே உண்டு. பெரும்பாலும் அந்தந்தப் பகுதியில் கிடைத்த சுண்ணக்கல்லும் பளிங்கும்தான். சிவப்புக்குச் சில இடங்களில் உடைந்த ஓடே போதும். பளிச்சென்ற நீலமும் பச்சையும் கல்லில் கிடைப்பது அரிது, அதற்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடிச் சில்லு கால்பட்டால் தேயும், உடையும். அதனால் அதைக் கஞ்சத்தனமாகவே தரையில் பார்ப்பீர்கள். சுவரிலும் நீரூற்றிலும் தாராளமாக. பாம்பேய்க்கு அருகிலுள்ள ஹெர்குலேனியத்தில் நெப்டியூன், ஆம்ஃபிட்ரிட்டே வீட்டின் உள்முற்றச் சுவர் முழுக்கக் கண்ணாடி மொசைக். வெசுவியஸ் 79இல் புதைத்த நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. பாம்பேயின் பெரிய நீரூற்று வீட்டிலும் சிறிய நீரூற்று வீட்டிலும் மாடத்தைச் சுற்றிச் சிப்பி ஓடுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள்.

இரண்டே நிறம் இருந்தால் ஏழை வீடு என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியில் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கறுப்பு வெள்ளை ஒரு பாணியாகவே ஓடியது. ஓஸ்தியாவின் நெப்டியூன் குளியலகத்தில் கடற்குதிரைகள் வெள்ளைத் தரையில் கறுப்பு நிழல்களாக நாலா பக்கமும் பாய்கின்றன. எந்தப் பக்கமிருந்து நடந்து வந்தாலும் ஏதாவது ஓர் உருவம் உங்களுக்கு நேராக நிற்கும். தரைக்காகவே யோசித்த வேலை அது. என்னைக் கேட்டால், கிரேக்க ஓவியத்தைத் தரையில் நகலெடுத்த வண்ண வேலைகளைவிட இதுதான் ரோமானியர்களின் சொந்தச் சாதனை.

படி 6: தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள்

கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி எழுதிய விட்ருவியுஸ் தரை போடும் முறையைப் படிப்படியாகத் தந்திருக்கிறார். சுருக்கமாக:

முதலில் மண்ணைச் சோதித்து, மட்டம் பார்த்து, திமிசு போட வேண்டும். அதன்மேல் கை கொள்ளும் அளவுக்குக் குறையாத கற்களைப் பரப்ப வேண்டும். அடுத்த அடுக்கு ஜல்லிச் சாந்து: புதுக்கல் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, பழைய இடிபாட்டுக் கல் என்றால் ஐந்துக்கு இரண்டு. ஆட்களை வரிசையாக நிறுத்தி மரக்கட்டையால் இடித்து இடித்து, முடிவில் முக்கால் ரோமானிய அடிக்கு, அதாவது சுமார் 22 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அதன்மேல் நொறுக்கிய ஓட்டுச் சாந்து, மூன்றுக்கு ஒன்று சுண்ணாம்பு, ஆறு விரற்கடை, சுமார் 11 சென்டிமீட்டர். இதற்கெல்லாம் மேலேதான் சில்லு. பதித்து முடித்ததும் ஒரு விளிம்பும் துருத்தாதபடி தேய்த்து, பளிங்குத் தூளைச் சலித்துத் தூவி, மேலே சுண்ணாம்பும் மணலும் கலந்த மெல்லிய பூச்சு.

ஒரு சென்டிமீட்டர் படத்துக்கு அடியில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் அடித்தளம். தோண்டிப் பார்த்த தரைகளில் பல இந்த விதியை முழுசாகப் பின்பற்றவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அடுக்கை விட்டிருப்பார்கள், கனத்தைக் குறைத்திருப்பார்கள். ஒப்பந்தக்காரர்கள் எக்காலத்திலும் ஒப்பந்தக்காரர்களே.

மேல் சாந்து ஈரமாக இருக்கும்போதே சில்லைப் பதிக்க வேண்டும் என்பதால், ஒரே மூச்சில் பதித்து முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் சாந்து பூசினார்கள். படத்தின் கோடுகளை அதற்கு முன்பே அடியிலிருந்த அடுக்கில் கீறியோ வண்ணத்தால் வரைந்தோ வைத்துக்கொண்டார்கள். இஸ்ரேலின் லோத் நகரில் 1996இல் கிடைத்த ஏறத்தாழ 1700 ஆண்டுப் பழைய தரையை 2009இல் பெயர்த்தெடுத்தபோது, அடியில் இந்த வழிகாட்டிக் கோடுகள் இருந்தன. கூடவே காலடித் தடங்களும்! செருப்புக் கால், வெறுங்கால் இரண்டுமே. படம் முடிந்ததும் மறைந்துவிடும் என்று நம்பி மிதித்தவர்கள், பெயர் தெரியாத வேலையாட்கள்.

விட்ருவியுஸ் சொல்லும் இன்னொரு தரையையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன், மொசைக் இல்லாவிட்டாலும். குளிர்கால விருந்து அறைக்குக் கிரேக்கர்கள் கரியும் சாம்பலும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்துக் கறுப்புத் தரை போட்டார்களாம். சிந்திய மது உடனே உறிஞ்சி உலர்ந்துவிடும், வெறுங்காலோடு பரிமாறுகிறவர்களுக்குக் குளிராது என்கிறார். தரையைப் பற்றி எழுதிய எல்லோரும் படுத்திருப்பவர்களின் கண்ணை நினைத்தபோது, இந்த ஓர் இடத்தில் மட்டும் பரிமாறுகிறவனின் பாதம் எட்டிப் பார்க்கிறது.

படி 7: படத்தின் விஷயத்தை அறையோடு சேர்த்துப் படியுங்கள்

புராணம், வேட்டை, மீன், பருவகாலங்கள் என்று பட்டியல் போடுவதில் பயனில்லை. இந்த அறையில் இந்தப் படம் ஏன் என்று கேளுங்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் 'பெருக்காத தரை' என்று ஒரு மொசைக். 1833இல் ரோமின் அவென்டைன் குன்றில் கிடைத்தது. ஹெராக்ளிட்டோஸ் என்று கையெழுத்து. வெள்ளைத் தரையில் விருந்து முடிந்த குப்பை: கோழிக்கால், மீன் முள், சிங்கறால் கொடுக்கு, கடல்முள்ளெலி ஓடு, உதிர்ந்த திராட்சை, கொட்டைத் தோல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிழல். ஓர் ஓரத்தில் எலி ஒன்று வால்நட்டைக் கொறிக்க வந்திருக்கிறது. அதற்கும் நிழல் உண்டு. நிழலை எடுத்துவிட்டால் இவை வெள்ளைத் துணியில் அச்சிட்ட படங்கள் ஆகிவிடும். நிழல் இருப்பதால் தரைமேல் கிடக்கின்றன. கிரேக்கக் கலைஞர் சோசுஸ் பெர்கமோன் நகரில் முதலில் இப்படி ஒன்றைச் செய்தார் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதே இடத்தில் அவர் வியந்து சொல்லும் இன்னொரு படம், கிண்ணத்தில் நீர் குடிக்கும் புறா, அதன் தலை நிழல் நீரில் விழுகிறது. அதைப் பார்த்துச் செய்த ஒரு பிரதி 1737இல் திவோலியில் பேரரசர் ஹேட்ரியனின் வில்லாவில் கிடைத்து, இப்போது ரோமின் கேப்பிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெருக்காத தரைக்குத் தத்துவ விளக்கங்கள் பல உண்டு. சாவு, நிலையாமை என்றெல்லாம். இருக்கட்டும். விருந்தின் மூன்றாம் மணி நேரத்தில், உண்மையான எலும்பு எது, கல் எலும்பு எது என்று தெரியாமல் ஓர் அடிமைப் பையன் துடைப்பத்தோடு குனிய, கட்டிலில் படுத்திருப்பவர்கள் சிரித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலையாமையை நேரடியாகவே சொன்ன படமும் இருக்கிறது. பாம்பேயில் தோல் பதனிடும் ஒருவர் வீட்டு விருந்திடத்தில் மேஜைப் பலகையாக இருந்தது, இப்போது நேப்பிள்ஸில். கொத்தனாரின் மட்டக்கோல், அதன் உச்சியிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டின் கயிறு, கயிற்றுக்கு நேர்கீழே மண்டை ஓடு, அதற்குக் கீழே பட்டாம்பூச்சி, அதற்கும் கீழே சக்கரம். ஒரு பக்கம் செல்வந்தனின் அங்கி, மறுபக்கம் பிச்சைக்காரனின் கந்தை. இதன்மேல் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

படி 8: யார் காசு கொடுத்தது?

இதற்குப் பதில் சிலசமயம் தரையிலேயே எழுதியிருக்கும். பாம்பேயில் ஆவுலுஸ் உம்ப்ரிசியுஸ் ஸ்காவ்ருஸ் என்ற மீன்சாறு வியாபாரி, தன் ஆட்ரியத்தின் மழைத்தொட்டி மூலைகளில் நாலு குப்பிகளைப் பதித்து வைத்தார். குப்பிமேல் லேபிள்: ஸ்காவ்ருஸின் முதல்தர மீன்சாறு, ஸ்காவ்ருஸ் பட்டறையிலிருந்து. மற்றவர்கள் அகில்லிஸையும் ஹெராக்ளிஸையும் பதித்த காலத்தில் இவர் தன் சரக்கைப் பதித்தார்.

துனீசியாவின் ஸ்மிராட்டில் கிடைத்து இப்போது சூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூன்றாம் நூற்றாண்டுத் தரை இன்னும் ஒரு படி மேலே. மகேரியுஸ் என்ற ஊர்ப் பெரிய மனிதர் அரங்கில் சிறுத்தை வேட்டை நடத்தியிருக்கிறார். நாலு வீரர்கள், நாலு சிறுத்தைகள், சிறுத்தைகளுக்கும் பெயர் எழுதியிருக்கிறது. நடுவில் தட்டு ஏந்திய பையன், தட்டில் நாலு பணப்பை. பக்கத்தில் அறிவிப்பாளரின் பேச்சு முழுசாகப் பதிவாகியிருக்கிறது: வீரர்களுக்குச் சிறுத்தைக்கு 500 தெனாரியுஸ் (ரோமானிய நாணயம்) தாருங்கள் என்று கேட்கிறார். பையில் இருக்கும் குறியைப் பாருங்கள், ஆயிரம். கேட்டதற்கு இரட்டிப்பு! கூட்டம் மகேரியுஸை வாழ்த்திக் கோஷமிடுவதையும் எழுத்தெழுத்தாகப் பதித்திருக்கிறார். செலவு ஒரு நாள், பெருமை தரை இருக்கும்வரை.

அதைப் பதித்தவனுக்கு என்ன கிடைத்தது? 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் விதித்த உச்ச விலைப் பட்டியலில் நாட்கூலி இருக்கிறது: மொசைக் வேலைக்காரர்களில் ஒரு வகையினருக்கு 60 தெனாரியுஸ், சில்லுத் தரை போடுகிறவருக்கு 50. சுவருக்கு வண்ணம் பூசுகிறவருக்கு 75, உருவம் வரையும் ஓவியருக்கு 150. தச்சருக்கு 50, பண்ணை வேலையாளுக்கு 25. ஆக, தரை போட்டவர் தச்சருக்குச் சமமான கூலிக்காரர். டியோஸ்குரிதெஸ் மாதிரிக் கையெழுத்துப் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

படி 9: ஒட்டு, வெட்டு, இடைச்செருகல்

நீங்கள் பார்ப்பது முழுசும் பழசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அலெக்சாந்தர் மொசைக்கின் இடது பக்கத்தில் பெரும்பகுதி போய்விட்டது. எரிமலைக்கு முன்பே சேதமாகி ரோமானியர்களே பூசி மெழுகிய இடங்களும் அதில் உண்டு. சிசிலியின் பியாட்சா ஆர்மெரினாவில் உள்ள வில்லா ரோமானா டெல் காசாலேயில், பிகினிப் பெண்கள் என்று ஊரெல்லாம் பேசும் நாலாம் நூற்றாண்டுத் தரையின் மூலையைப் பாருங்கள். எடை தூக்கும், ஓடும், பந்து விளையாடும் அந்தப் பெண்களுக்கு அடியில் பழைய கட்டக்கோலத் தரை ஒன்று எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரருக்குப் பழைய டிசைன் அலுத்துவிட்டது, மேலேயே புதிதாகப் போட்டுவிட்டார்.

திருட்டையும் கணக்கில் வையுங்கள். துருக்கியின் சியுக்மா என்ற பழைய நகரில் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் வெட்டியெடுத்துப்போன 12 துண்டுகளை அமெரிக்காவின் ஒஹையோவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் 2018இல் திருப்பிக் கொடுத்தது. அவை இப்போது காசியான்டெப் அருங்காட்சியகத்தில், புகழ்பெற்ற 'ஜிப்சிப் பெண்' முகம் இருக்கும் அதே கட்டடத்தில் இருக்கின்றன.

படி 10: எங்கே போவது

ஒரே ஊருக்குத்தான் போக முடியும் என்றால் நேப்பிள்ஸ். காலையில் பாம்பேய், மறுநாள் அருங்காட்சியகம் என்ற வரிசையில் போங்கள். ஃபான் வீட்டில் 2005இல் வைத்த பிரதியை அதன் இடத்தில் பார்த்துவிட்டு அசலைப் பார்த்தால் அளவும் திசையும் மனத்தில் நிற்கும். தரை தரையாகவே இருக்கும் இடம் வேண்டுமென்றால் பியாட்சா ஆர்மெரினாதான்: சுமார் 3500 சதுர மீட்டர், 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில். உயரமான நடைபாதையிலிருந்து கீழே பார்க்க வேண்டும். அங்கே அறுபது மீட்டருக்கு மேல் நீளும் பெரும் வேட்டைத் தாழ்வாரத்தின் ஒரு முனையில், யானையும் புலியும் சூழ ஒரு பெண் உருவம் அமர்ந்திருக்கிறது. அவளை இந்தியாவின் உருவகம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், ஆட்சேபிப்பவர்களும் உண்டு. துனிசில் பார்தோ அருங்காட்சியகம் மொசைக்கின் சமுத்திரம், ஒரு நாள் போதாது. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு சசெக்ஸின் ஃபிஷ்போர்ன்: டால்ஃபின்மேல் ஏறிவரும் மன்மதன், தோண்டிய இடத்திலேயே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள்.

போகும் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்தவெளித் தளங்களில் குளிர்காலத்தில் பல தரைகளைத் துணியும் மணலும் போட்டு மூடிவிடுவார்கள். நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக யாராவது தண்ணீர் தெளிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நனைந்து காயும்போது உப்பு மேலேறிச் சில்லைத் தளர்த்தும். போட்டோ எடுக்கும்போது, படத்துக்கு நேர் மேலிருந்து ஒன்றும், அறையின் வாசலில் நின்று கண் மட்டத்தில் ஒன்றும் எடுங்கள். இரண்டாவது படத்தில் உருவங்கள் சப்பையாகத் தெரியும், ஓரம் வெட்டுப்படும். விருந்தாளி பார்த்தது அதைத்தான்.